வறுத்த காப்பியா, சுட்ட காப்பியா?

ரோஸ் ஹில்லில் ஒரு சனிக்கிழமை, வீட்டிலேயே காப்பிக்கொட்டை வறுக்கக் கற்றுத்தரும் வகுப்புக்குப் போயிருந்தேன். இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலிலும் தமிழிலும் அச்சிட்ட தாள் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். மொரீஷியசில் இப்படி ஒரு தாள் தமிழில் கிடைப்பதே மகிழ்ச்சியான செய்தி. முதல் வரியைப் படித்ததும் அந்த மகிழ்ச்சி போய்விட்டது. 'பச்சைக் காப்பி அவரைகளை வீட்டிலேயே சுடுவது எப்படி?' என்று இருந்தது. இந்தச் 'சுட்ட காப்பி' என் கண்ணில் படுவது இது மூன்றாவது தடவை. முன்பு ஒரு கோயில் மலரின் விளம்பரத்தில் பார்த்தேன், அப்புறம் மாணவர் ஒருவரின் மொழிபெயர்ப்புப் பயிற்சியில் பார்த்தேன். இரண்டு தடவையும் பேசாமல் விட்டது என் தவறு.

சரியான சொல் வறுத்தல். இதற்கு நீண்ட ஆராய்ச்சி தேவையில்லை. வறு, வற்று, வறள், வறட்சி, வறுமை எல்லாம் ஒரே குடும்பம். ஈரம் போவது, இருந்தது குறைவது என்பதுதான் உள்ளே இருக்கும் பொருள். காப்பிக்கொட்டைக்கு நடப்பதும் அதுவே. பச்சைக் கொட்டையில் 10 முதல் 12 விழுக்காடு வரை ஈரம் இருக்கும். முதலில் அது போகும், பச்சை நிறம் மஞ்சளாகும், பிறகு பழுப்பாகும். இறக்கி நிறுத்துப் பார்த்தால் எடையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும்.

பிரெஞ்சுக்காரர்கள் காப்பிக்கென்று வைத்திருக்கும் 'தோரேஃபியே' என்ற சொல்லும் இதே வழியில் வந்ததுதான். அதன் லத்தீன் வேர் உலர்த்துவதை, காயவைப்பதைக் குறிப்பது. பிரெஞ்சிலிருந்து மொழிபெயர்த்திருந்தால்கூட வறுத்தலுக்கு வந்து சேர்ந்திருக்கலாம்.

அப்படியானால் 'சுடுதல்' எங்கிருந்து வந்தது? நம் கிரியோலின் 'கிரியே' என்ற சொல்லிலிருந்து என்றே நினைக்கிறேன். 'காஃபே கிரியே', 'பிஸ்தாஸ் கிரியே', 'புவாசோன் கிரியே', 'திப்பேன் கிரியே' என்று எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்லே போதும். கிரியோலில் அது குறையல்ல, அந்த மொழியின் வழக்கம் அது. தமிழ் அப்படி இல்லை. வேர்க்கடலையை வறுக்கிறோம், மீனை நெருப்பில் சுடுகிறோம், ரொட்டியை வாட்டுகிறோம். ஒரு 'கிரியே'க்கு இங்கே மூன்று வினைகள். மொழிபெயர்த்தவர் அகராதியைத் திறந்து, 'கிரியே' என்றால் சுடுதல் என்று கண்டு, எல்லா இடத்திலும் அதையே ஒட்டியிருக்க வேண்டும்.

வகுப்பு முடிந்ததும் இதைச் சொன்னேன். தாளைத் தயாரித்தவர் மரியாதையாகவே பதில் சொன்னார். "வறுவல் என்றால் எண்ணெய் வேண்டும் அல்லவா, மீன் வறுவல், கோழி வறுவல் எல்லாம் எண்ணெயில்தானே செய்கிறோம்? காப்பிக்கொட்டையில் எண்ணெய் ஊற்றுவதில்லையே. அப்பளத்தை எண்ணெய் இல்லாமல் செய்தால் சுட்ட அப்பளம் என்கிறோம். அதனால்தான் சுடுதல் என்று போட்டேன்" என்றார்.

கேட்க நியாயமாகத் தோன்றும் வாதம். ஆனால் சமையலறை வரை போனால் அது நிற்காது. சாம்பார்ப் பொடிக்குக் கொத்தமல்லியையும் மிளகாயையும் என்ன செய்கிறோம்? வெறும் சட்டியில் வறுக்கிறோம். உப்புமாவுக்கு ரவையை வறுக்கிறோம். மணலில் வறுத்த கடலையில் ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது, ஆனாலும் அது வறுகடலைதான். மறுபக்கம், நிறைந்த எண்ணெயில் போட்டு எடுக்கும் வடையைச் 'சுடுகிறோம்' என்றுதானே சொல்கிறோம்? பாட்டி வடை சுட்ட கதையைத்தானே எல்லாக் குழந்தைகளுக்கும் சொல்கிறோம்? ஆக, எண்ணெயை வைத்து இந்த இரண்டு வினைகளையும் பிரிக்கவே முடியாது.

பிரிப்பது கைதான் என்பது என் கருத்து. சுடும்போது பொருளைத் தனித்தனியாக வைக்கிறோம், வேகவிடுகிறோம், திருப்புகிறோம். தோசையும் அப்பமும் வடையும் சோளக்கதிரும் அப்படித்தான். சிறிய பொருளைக் குவியலாகச் சட்டியில் கொட்டி, கை ஓயாமல் கிளறிக்கொண்டே இருந்தால் அது வறுத்தல். காப்பிக்கொட்டையை அரை நிமிடம் கிளறாமல் விட்டுப் பாருங்கள், அடியில் இருப்பது கரியும், மேலே இருப்பது பச்சையாகவே கிடக்கும். 'சுடவும்' என்று படிப்பவர் கொட்டையை அடுப்பில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார். 'வறுக்கவும்' என்று படிப்பவர் கரண்டியைத் தேடுவார். செய்முறையின் பாதி அந்த வினைச்சொல்லுக்குள் இருக்கிறது.

என் பாட்டி அடுப்படியில் பெரும்பாலும் கிரியோல்தான் பேசுவார். கராயில், அதாவது வாணலியில், எதையாவது போட்டு என்னை நிறுத்திவிட்டுப் போகும்போது மட்டும் "வறு, வறு, கை நிக்கக் கூடாது" என்பார். எனக்கு அந்தச் சொல் ஏட்டிலிருந்து வரவில்லை.

இந்தத் தீவில் நம் பெயர்ச்சொற்கள் பிழைத்துக்கொண்டன, வினைச்சொற்கள் போய்விட்டன. கறிவேப்பிலை 'காரிபூலே'யாகவும், முருங்கை 'முரூம்' ஆகவும், ரசம் 'ராசோன்' ஆகவும் எல்லாச் சமூகத்தாரின் வாயிலும் வாழ்கின்றன. தாளித்தல், வதக்குதல், வறுத்தல், வாட்டுதல் ஆகியவை எங்கே? காப்பி இங்கே புதிய சரக்கும் அல்ல. மகாத்மா காந்தி நிறுவனத்தில் நாம் தமிழ் படிக்கும் மோக்கா என்ற ஊரின் பெயரே காப்பி ஏற்றுமதிக்குப் பேர்போன யேமன் துறைமுகத்தின் பெயர். ஷாமரேலில் இன்றும் காப்பி விளைகிறது. அப்படியிருந்தும் மொழிபெயர்ப்பவர்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அகராதியையே நம்புவது எனக்குப் பெரிய வருத்தம்.

அதே தாளில் இன்னும் சில இருந்தன. 'அவரை' என்பது கொடியில் காய்க்கும் காய். காப்பிக்குக் கொட்டை என்ற சொல் காலங்காலமாக இருக்கிறது. கொட்டையின் சூடு ஏறத்தாழ 200 பாகை செல்சியஸைத் தொடும்போது படபடவென்று சத்தம் வரும். அதை 'முதல் விரிசல்' என்று எழுதியிருந்தார்கள். விரிசல் சுவரில் விழுவது, அதற்குச் சத்தமில்லை. கடுகு வெடிக்கிறது என்று நாள்தோறும் சொல்கிறோமே, இதுவும் வெடிப்புதான். நன்றாகக் கறுக்க வறுத்ததைக் 'கருகிய காப்பி' என்று போட்டிருந்தது. கருகியது என்றால் தூக்கி எறிய வேண்டியது என்று பொருள். பக்கத்தில் இருந்த நண்பர் 'கருவறுப்பு' என்று வைக்கலாமே என்றார். அதையும் ஏற்க முடியவில்லை, அது வேரோடு அழிப்பது என்றே காதில் விழும். முறுகல் தோசை என்கிறோம் அல்லவா? 'முறுகல் வறுப்பு' என்றால் எவருக்கும் புரியும். குறைவாக வறுத்ததற்கும் நடுத்தரமாக வறுத்ததற்கும் இளவறுப்பு, நடுவறுப்பு போதும்.

எல்லாவற்றையும்விட என்னைச் சுட்டது கடைசிப் பத்தி. அராபிக்கா, ரொபஸ்டா என்ற இரண்டு காப்பி வகைகளையும் தனித்தனியே வறுத்துச் சேர்ப்பதை 'காப்பிக் கலப்படம்' என்று தலைப்பிட்டு எழுதியிருந்தார்கள். கலப்படம் ஏமாற்று வேலைக்கு உரிய சொல். இந்தியாவில் காப்பியோடு சிக்கரி சேர்த்து விற்கலாம், காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும், அளவை உறையில் சொல்ல வேண்டும். சொல்லிச் சேர்த்தால் அது கலவை. சிக்கரியை ஒளித்துச் சேர்த்துவிட்டுச் சுத்தக் காப்பி என்று விற்றால் அது கலப்படம். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் நல்ல வியாபாரியும் திருடனும் ஒன்றாகிவிடுவார்கள். கலத்தல் என்ற வினையில் குறை ஏதும் இல்லை. காதலியின் வாயூறிய நீருக்கு 'பாலொடு தேன்கலந் தற்றே' என்று வள்ளுவர் 1121ஆம் குறளில் உவமை சொன்னது இந்த வினையை வைத்துத்தான்.

தாளைத் தயாரித்தவர் அடுத்த வகுப்புக்குத் திருத்தித் தரும்படி கேட்டார். அவருடைய நல்ல மனதுக்கு நன்றி. இப்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன்: 'பச்சைக் கொட்டையைக் கராயில் கொட்டி, கை விடாமல் கிளறி வறுக்கவும். முதல் வெடிப்பு அடங்கியதும் இறக்கினால் இளவறுப்பு. இறக்கியவுடன் முறத்தில் பரப்பி ஆறவிட்டு, உதிர்ந்த தோலைப் புடைத்து எடுக்கவும். ஒவ்வொரு வகையையும் தனியே வறுத்து, ஆறிய பிறகு கலக்கவும்.'