வருமானம் நின்றுபோன மாதத்தில்: காம்கேர் உதவி கேட்கும் வழி

வேலை போய்விட்டது. மருத்துவ விடுப்பு முடிந்தும் உடம்பு தேறவில்லை. சம்பாதித்துக்கொண்டிருந்த ஒருவர் இறந்துவிட்டார், அல்லது சிறைக்குப் போய்விட்டார். இப்படி வருமானம் சட்டென்று நின்றுபோகும் வீடுகளுக்காக 2005இல் சிங்கப்பூரில் தொடங்கப்பட்டது காம்கேர் உதவித் திட்டம். சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சு இதை நடத்துகிறது. விண்ணப்பத்தைப் பார்த்து முடிவெடுப்பது உங்கள் வட்டாரத்துச் சமூகச் சேவை அலுவலகம்.

"சிடிசிக்குப் போய்க் கேளுங்க" என்று பெரியவர்கள் இன்னமும் சொல்வார்கள். முன்பு சிடிசி எனப்படும் சமூக மேம்பாட்டு மன்றங்கள்தாம் இந்த உதவியைக் கொடுத்துவந்தன. 2013 முதல் சமூகச் சேவை அலுவலகங்கள் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டு, அந்தப் பொறுப்பு அங்கே போய்விட்டது. எந்த அலுவலகம் உங்களுக்குரியது என்பதை 1800-222-0000 என்ற காம்கேர் எண்ணில் கேட்டுக்கொள்ளலாம். அரசாங்கச் சேவைகளுக்கான மின்னிலக்க அடையாளமான சிங்பாஸ் இருந்தால் இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். தமிழில் பேச வேண்டுமென்றால் சந்திப்புக்கு நேரம் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். வீட்டுப் பிள்ளையை மொழிபெயர்க்கக் கூட்டிப்போவதைத் தவிர்ப்பது நல்லது. அப்பாவின் கடனும் அம்மாவின் அழுகையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் வாய்வழியாக அதிகாரிக்குப் போக வேண்டியதில்லை.

முதலில் மனத்தில் வைக்க வேண்டியது நாள்கணக்கு. ஆவணங்கள் எல்லாம் சேர்ந்த பிறகு முடிவு வர 4 முதல் 6 வாரம் ஆகும். மின்கட்டணம் மூன்று மாதம் பாக்கி, வாடகை இரண்டு மாதம் பாக்கி என்று ஆன பிறகு போனால், அந்த ஆறு வாரம் மிக நீண்டதாகத் தெரியும். சம்பளம் நின்ற வாரமே போங்கள். சேமிப்பு கொஞ்சம் மிச்சம் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். அது எத்தனை நாளைக்குத் தாங்கும் என்பதையும் சேர்த்துத்தான் அதிகாரி பார்ப்பார்.

வீட்டில் இன்றைக்குச் சமைக்கவே ஒன்றும் இல்லை என்றால், அதை அப்படியே சொல்ல வேண்டும். நம் ஆட்கள் பலர் இங்கேதான் தவறுகிறார்கள். "எப்படி இருக்கீங்க" என்று கேட்டால் "பரவாயில்லைங்க, சமாளிக்கிறோம்" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். அதிகாரி அதைக் குறித்துக்கொள்வார், விண்ணப்பம் வழக்கமான வரிசையில் போய்விடும். அரிசி இல்லை, குழந்தைக்குப் பால் மாவு இல்லை, நாளைக்கு பஸ்ஸுக்குக் காசில்லை என்று சொன்னால், முடிவு வரும்வரை தாங்குவதற்கான இடைக்கால உதவியைப் பற்றிப் பேச வழி பிறக்கும். அது ரொக்கமாகவோ பற்றுச்சீட்டாகவோ உணவுப் பொருளாகவோ இருக்கலாம். குடிமக்கள் ஆலோசனைக் குழு போன்ற அடித்தள அமைப்புகளிடமும் இப்படி உடனடியாகக் கொடுக்கச் சிறிய நிதி உண்டு. அதைச் சமூக மன்றத்தில் விசாரிக்கலாம்.

உதவியில் முக்கியமானவை இரண்டு. வேலை தேடுபவர், நோயால் இப்போதைக்கு வேலைக்குப் போக முடியாதவர், குழந்தையையோ முதியவரையோ பார்த்துக்கொள்வதால் வீட்டிலிருப்பவர், வேலை இருந்தும் சம்பளம் போதாதவர் ஆகியோருக்குக் குறுகிய, நடுத்தரகால உதவி. பெரும்பாலும் 3 முதல் 6 மாதம் வரை கொடுத்து, பிறகு நிலைமையை மறுபடி பார்ப்பார்கள். ரொக்கத்தோடு வாடகை, மின்சாரம், தண்ணீர், நகர மன்றத்தின் சேவை, பராமரிப்புக் கட்டணம், மருத்துவச் செலவு ஆகியவற்றுக்கும் தேவைப்படி உதவி சேரும். வேலை தேடவும் வழிகாட்டுவார்கள்.

முதுமை, நோய், உடற்குறை காரணமாக இனி வேலை செய்யவே முடியாது, தாங்க ஆளும் இல்லை என்பவர்களுக்கு நீண்டகால உதவி. முன்பு இதற்குப் பொது உதவி என்று பெயர். தனியாக வாழ்பவருக்கு மாதம் 600 வெள்ளியாக இருந்தது 2022இல் 640 ஆனது, பிறகும் கூட்டப்பட்டுள்ளது. இதைப் பெறுபவர்களுக்குப் பலதுறை மருந்தகத்திலும் அரசாங்க மருத்துவமனையிலும் சிகிச்சைக்குத் தனி உதவி உண்டு.

குடியுரிமை பற்றி ஒரு சொல். தமிழ்நாட்டிலிருந்து திருமணமாகி வந்து நீண்டகால வருகை அனுமதியில் இருக்கும் பெண்கள், "நான் சிட்டிசன் இல்லையே" என்று அலுவலகத்து வாசலையே மிதிப்பதில்லை. கேட்பது உங்களுக்கு மட்டுமல்ல, வீட்டுக்கு. பிள்ளை சிங்கப்பூர்க் குடிமகனாக இருந்தால் அந்த வீட்டுக்காகப் போய்ப் பேசலாம், பேசத்தான் வேண்டும்.

வீடு என்று அவர்கள் எதைக் கணக்கிடுகிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரே முகவரியில் வாழும் எல்லோருடைய வருமானத்தையும் கூட்டி, ஆள் எண்ணிக்கையால் வகுப்பார்கள். துப்புரவு வேலை செய்யும் அம்மாவுக்கு 1,800 வெள்ளி, அப்பா படுக்கையில், இரண்டு பிள்ளைகள், ஒரு பாட்டி. ஐந்து பேர், ஆளுக்கு 360. அதே வீட்டின் முகவரியை அடையாள அட்டையில் வைத்திருக்கும் மூத்த மகனுக்கு 2,400 சம்பளம் என்று வையுங்கள். இப்போது ஆறு பேருக்கு 4,200, ஆளுக்கு 700. ஆனால் அந்த மகன் திருமணமாகி இரண்டு வருடமாக வேறு வீட்டில் இருக்கிறான், முகவரியை மட்டும் மாற்றவில்லை. இந்த ஒரு காரணத்தால் எத்தனையோ விண்ணப்பங்கள் இழுத்துக்கொண்டு போகின்றன. விண்ணப்பிக்கும் முன்பே முகவரியை மாற்றச் சொல்லுங்கள். உதவிக்கான வருமான உச்சவரம்பு அவ்வப்போது திருத்தப்படுவதால் பழைய எண்ணை நம்பி ஒதுங்கிவிடாதீர்கள். வரம்பைக் கொஞ்சம் தாண்டிய வீட்டையும் அதன் சூழ்நிலையைப் பார்த்து ஏற்பதுண்டு.

ஆவணங்களில் பெரும்பாலானவை சிக்கலற்றவை: வீட்டிலுள்ள எல்லோருடைய அடையாள அட்டையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும், சம்பளச் சீட்டு, வேலை நீக்கக் கடிதம், மருத்துவரின் கடிதம், பாக்கியுள்ள கட்டண ரசீதுகள். நீங்கள் சம்மதம் கொடுத்தால் மத்திய சேமநிதி போன்ற அரசாங்கத் தகவல்களை அவர்களே எடுத்துக்கொள்வார்கள். வீட்டில் பெரியவர்கள் எல்லோரும் அந்தச் சம்மதப் படிவத்தில் கையெழுத்திட வேண்டியிருக்கும். ஒருவர் கையெழுத்து விட்டுப்போனாலும் விண்ணப்பம் நகராது.

வங்கிக் கணக்குதான் ஆளை மாட்டிவிடுவது. சில மாத வரவு செலவைக் கேட்பார்கள். கணக்கைத் திறந்தால் மார்ச் 12 அன்று 900 வெள்ளி வரவு, மறுநாள் 900 வெள்ளி செலவு. உங்களுக்குத் தெரியும், கூட வேலை செய்தவர் ஊருக்கு அனுப்பச் சொல்லி பேநவ் என்ற கைபேசிப் பணப் பரிமாற்றத்தில் போட்ட பணம் அது. அதிகாரிக்குத் தெரியாது. அவர் கண்ணுக்கு அது சொல்லாமல் விட்ட வருமானம். தங்கை கடனாகக் கொடுத்தது, தீபாவளிக்கு மாமா அனுப்பியது, நண்பர்கள் சேர்த்துக் கொடுத்த ஆஸ்பத்திரிச் செலவு எல்லாமே அப்படித்தான் தெரியும். ஆகவே கணக்குத் தாளை அச்சிட்டு, சம்பளமல்லாத ஒவ்வொரு பெரிய வரவின் பக்கத்திலும் பேனாவால் எழுதுங்கள்: யார் கொடுத்தது, எதற்கு, திருப்பித் தர வேண்டுமா. வாட்ஸ்அப் செய்தி இருந்தால் அதையும் காட்டுங்கள். அரை மணி நேர வேலைதான், இரண்டு வாரக் கடிதப் போக்குவரத்தைத் தவிர்த்துவிடும். பயன்படுத்தாத பழைய கணக்கு இருந்தாலும் மறைக்காதீர்கள். 14 வெள்ளி கிடக்கும் கணக்கால் பாதகமில்லை. பிறகு தெரியவரும் கணக்கால் நம்பிக்கை போகும்.

எம்.பி.யைப் பார்த்துக் கடிதம் வாங்கினால் வேலை சுலபமாகும் என்றொரு நம்பிக்கை உண்டு. கடிதம் உங்கள் நிலைமையை அலுவலகத்தின் கவனத்துக்குக் கொண்டுபோகும், அவ்வளவுதான். ஆவணங்கள் அப்போதும் வேண்டும். நேராக அலுவலகத்துக்குப் போனால் ஒரு வாரம் மிச்சம். விண்ணப்பம் மறுக்கப்பட்டு, காரணம் சரியில்லை என்று தோன்றினால், அப்போது எம்.பி. சந்திப்புக்குப் போவதில் பொருள் இருக்கிறது. மறுபரிசீலனை கேட்கும்போது புதிதாக என்ன மாறியது என்பதைக் காட்டுங்கள்: புதிய மருத்துவக் கடிதம், குறைந்த சம்பளச் சீட்டு.

உதவி கிடைத்த பிறகு வேலை கிடைத்தால் உடனே சொல்லிவிடுங்கள். அதேபோல உதவி முடியும் மாதத்தைக் காலண்டரில் வட்டமிட்டு, நிலைமை தேறவில்லையென்றால் அதற்கு ஒரு மாதம் முன்பே அதிகாரியைக் கூப்பிடுங்கள். முடிந்த பிறகு கூப்பிட்டால் நடுவில் ஒரு மாதம் வெறுங்கையோடு போகும்.

காம்கேர் எல்லாவற்றுக்குமான கதவு அல்ல. மருத்துவமனைக் கட்டணத்துக்கு அங்குள்ள மருத்துவச் சமூக ஊழியரிடம் கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கான அரசாங்க நிதியான மெடிஃபண்ட் பற்றிக் கேளுங்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வாடகை, வீட்டுக் கடன் பாக்கிக்கு வீவக கிளையிடமும், பராமரிப்புக் கட்டணப் பாக்கிக்கு நகர மன்றத்திடமும் தவணை கேட்க வேண்டும், எச்சரிக்கைக் கடிதம் வரும்வரை காத்திருக்காமல். பிள்ளைகளின் படிப்பு சார்ந்த உதவிக்கு இந்தியச் சமூகத்தின் சுய உதவி அமைப்பான சிண்டா இருக்கிறது. வீட்டுக்குள் அடிதடி, மனச்சோர்வு, குடிப்பழக்கம் என்றால் பக்கத்துக் குடும்பச் சேவை நிலையம்.

சிடிசி பற்றுச்சீட்டு காம்கேரிலிருந்து வேறு. சிங்கப்பூர்க் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் உரியது, வருமானம் பார்ப்பதில்லை. 2025 ஜனவரியில் 300 வெள்ளி, மே மாதத்தில் 500 வெள்ளி தந்தார்கள். பாதி உணவங்காடிக்கும் அக்கம்பக்கக் கடைகளுக்கும், பாதி பேரங்காடிக்கும். வீட்டில் ஒருவர் சிங்பாஸ் மூலம் எடுத்தால் போதும், கைபேசிக்கு இணைப்பு வரும். அந்த இணைப்பு யார் கையில் இருந்தாலும் செலவழித்துவிடலாம், ஆகவே வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். கைபேசி இல்லாத பாட்டிகளுக்குச் சமூக மன்றத்தில் அச்சிட்டுத் தருவார்கள். காலாவதித் தேதியைப் பார்த்து, அவர்கள் பையிலேயே மடித்துக் கிடக்கும் தாளை ஞாபகப்படுத்தி எடுக்கச் சொல்லுங்கள்.