அம்மாவின் வருத்தத்தை அம்மாவே சொல்லட்டும்

ஓகஸ்ட் வந்தால் என் கிளினிக்கின் வாங்கில் இருப்பவர்களைப் பார்த்தே யாழ்ப்பாணத்து நல்லூர்க் கோவிலில் கொடியேறிவிட்டது என்று சொல்லிவிடலாம். திருவிழா நடக்கும் 25 நாட்களும் கொக்குவில் பக்கம் வீடுகள் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களால் நிறைந்துவிடும், அப்படியே வந்த கையோடு பல்லுக் காட்ட, கண்ணாடி மாற்ற, 'ஒருக்கா முழுச் செக்கப்பும் செய்துபோட்டுப் போவம்' என்று வருபவர்களும் கூடிவிடுவார்கள். போன வருடம் அப்படி வந்த ஒரு குடும்பத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஆட்களை அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

அம்மாவுக்கு நாற்பத்தொன்று, மகனுக்குப் பன்னிரண்டு. கனடா போய் மூன்று வருடம். அம்மா கதிரையில் இருந்தா, மகன் பக்கத்தில் நின்றான். என்ன செய்யுது என்று கேட்டேன். "அம்மாக்கு டயர்டா இருக்கு" என்றான் மகன். எவ்வளவு காலமாக என்றேன். "வின்ரர்ல இருந்து." சாப்பாடு எப்படி, நித்திரை எப்படி, எல்லாவற்றுக்கும் பதில் அவனிடமிருந்துதான் வந்தது, அம்மா அவன் முகத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தா. எனக்குச் சரியாக இரண்டு நிமிடம் பிடித்தது இதில் என்ன பிழை என்று விளங்க. நான் கேட்டுக்கொண்டிருந்தது தமிழில். சுன்னாகத்தில் பிறந்து வளர்ந்த ஒரு பெண்ணிடம், யாழ்ப்பாணத்தில் வைத்து, தமிழில் கேட்ட கேள்விக்குத் தமிழிலேயே ஒரு மொழிபெயர்ப்பாளர் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்!

தம்பியை வெளியில் அப்பாவோடு இருக்கச் சொன்னேன். கதவு சாத்தியபிறகும் கொஞ்ச நேரம் அவ பேசவில்லை. பிறகு சொன்னா, ஏழெட்டு மாதமாக மாதவிடாய் பத்துப் பன்னிரண்டு நாள் நிற்காமல் போகுதாம், கட்டி கட்டியாகப் போகுதாம். அங்கே டொக்டரிடம் இரண்டு தரம் போயிருக்கிறா, இரண்டு தரமும் கணவருக்கு வேலை, கூடப் போனது மகன். "உவனை வச்சுக்கொண்டு உதை எப்பிடிச் சொல்லுறது டொக்டர்?" அதனால் களைப்பு என்று மட்டும் சொல்லச் சொல்லியிருக்கிறா, அவனும் அதை ஒழுங்காகச் சொல்லியிருக்கிறான், அந்த டொக்டரும் முறைப்படி இரத்தப் பரிசோதனைக்குத் துண்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். அது எங்கே என்று கேட்டேன். கைப்பைக்குள் இருந்து எடுத்து மேசையில் வைத்தா, நாலாக மடித்தபடி. அந்த நேரம் மகனுக்குப் பள்ளிக்கூடச் சோதனை, அவவைக் கூட்டிக்கொண்டு போக ஆள் இல்லை. இங்கே எடுத்துப் பார்த்தபோது ஹீமோகுளோபின் 7.8. பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே இரத்தச்சோகை என்போம். வின்ரர் குளிர் என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தது இதைத்தான்.

புது நாட்டில் காலூன்றுவது என்றால் நம் ஆட்கள் வேலை, வீடு, கார், பேப்பர் என்றுதான் கணக்குப் போடுவார்கள். நான் இப்போது வேறு ஒன்றைக் கேட்கிறேன்: உங்கள் வீட்டில் டொக்டரிடம் நேரம் எடுக்க யார் போன் அடிப்பது? மூன்று வருடம் கழித்தும் அது பிள்ளைதான் என்றால் இன்னும் ஊன்றவில்லை.

பிள்ளை உதவி செய்யவே கூடாது என்று சொல்லவில்லை. பஸ் நேரம் பார்க்கட்டும், தபாலில் வந்த கடிதம் மின்சாரப் பில்லா விளம்பரமா என்று சொல்லட்டும், அதில் அதுகளுக்கும் ஒரு பெருமை இருக்கும். டொக்டரின் அறை, வழக்கறிஞரின் அறை, வங்கிக் கடன், அகதி வழக்கு, இந்த நாலுக்கும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அப்பா வாடகை கட்டவில்லை என்பதையும் அம்மாவுக்கு என்ன வருத்தம் என்பதையும் முதலில் அறிகிற ஆள் பன்னிரண்டு வயதுப் பிள்ளையாக இருக்கக்கூடாது. அதோடு, வீட்டுக்கு வெளியே எல்லாக் கதையும் கதைக்கிற பிள்ளை உள்ளே வந்து நீங்கள் சொல்வதைக் கேட்காது என்பதை நான் சொல்லித்தான் தெரியவேண்டுமா? (பள்ளிக்கூடத்தில் பெற்றோர் சந்திப்புக்கும் பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்கிறார்கள். "ரீச்சர் என்ன சொல்லுறா?" "நல்லாப் படிக்கிறனாம்." வேறு என்ன சொல்வான்!)

அப்புறம், பிள்ளை சொல்வது சரிதானா என்பதும் ஒரு கேள்வி. எங்கள் ஊர்த் தமிழை எடுங்கள். நாரி உளையுது, சத்தி வருது, வயித்தாலை போகுது, கால் விறைக்குது, தலைச்சுத்து. கனடாவில் வளர்கிற பிள்ளைக்கு நாரி எது என்று தெரியாது, முதுகு என்றுவிடும். தலைச்சுற்று தலையிடியாகும். டொக்டருக்கு அவை இரண்டும் வேறு வேறு பாதை. நெஞ்சு எரியுது என்பதும் நெஞ்சு நோகுது என்பதும் அதைவிடப் பெரிய வித்தியாசம், ஒன்றுக்குக் குளிசை, மற்றதுக்கு உடனே ஈசிஜி. வளர்ந்த, படித்த மொழிபெயர்ப்பாளர் வந்தாலும் அவர் தமிழ்நாட்டுக்காரராக இருந்தால் 'சத்தி' என்றதும் ஏதோ பலம் என்று நினைத்துவிடுவார். ஆகவே போன் வழியாக மொழிபெயர்ப்பாளர் கிடைத்தால் சத்திக்கு வாந்தி, நாரிக்கு இடுப்பு, வயித்தாலை போவதற்கு வயிற்றுப்போக்கு, விறைக்குது என்பதற்கு மரத்துப்போகுது என்று சொல்லப் பழகுங்கள். கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது உபத்திரவம் கொடுப்பது என்று நம் பெண்கள் நினைக்கிறார்கள். இல்லை. பிரித்தானியாவில் என்.எச்.எஸ். என்கிற அரச மருத்துவ சேவையின் டொக்டரிடம் போனால் அது இலவசம், நேரம் எடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். அவுஸ்திரேலியாவில் 131 450 என்ற இலக்கத்தில் அரசின் மொழிபெயர்ப்புச் சேவை 24 மணி நேரமும் இருக்கிறது. நோர்வே இன்னும் ஒரு படி மேலே, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம், அவசரம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, அரச சேவைகள் பிள்ளைகளை மொழிபெயர்க்க வைப்பதையே தடுக்கிறது. கனடாவில் இடத்துக்கு இடம் மாறும். பெரிய ஆஸ்பத்திரிகளிலும் சமூக சுகாதார நிலையங்களிலும் பெரும்பாலும் ஏற்பாடு இருக்கும், சின்னக் கிளினிக்குகளில் இல்லாமல் போகலாம். கேட்காமல் யாரும் தரப்போவதில்லை என்பது மட்டும் எல்லா நாட்டுக்கும் பொது.

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் தமிழ் டொக்டர்மார் தாராளமாக இருக்கிறார்களே என்பீர்கள். இருக்கிறார்கள். ஆனால் "அங்க வேலை செய்யிற பிள்ளை எங்கட ஊர், கதை வெளியில போயிடும்" என்று தவிர்ப்பவர்களை எத்தனையோ பேர் பார்த்துவிட்டேன். அந்தப் பயத்தை நான் சிரித்துத் தள்ளமாட்டேன், நம் ஊர் நம் ஊர்தான். ஆனால் ரொறன்ரோ இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில் நோயாளியின் தகவலைக் காக்க 2004ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது, டொக்டர் மட்டுமல்ல அவரின் கீழ் வேலை செய்பவர்களும் அதற்குக் கட்டுப்பட்டவர்கள். முறைப்பாடு செய்யலாம், செய்தால் விசாரிப்பார்கள்.

இன்னொன்று இலக்கங்கள். அக்காவும் தங்கையும் வீடியோ கோலில் கதைக்கிறார்கள், சாவகச்சேரி அக்கா "எனக்குச் சுகர் 160" என்கிறா, ரொறன்ரோத் தங்கை "எனக்கு 9 தான்" என்று நிம்மதியாகப் பலகாரம் எடுக்கிறா. 9ஐ 18ஆல் பெருக்குங்கள், 162. இரண்டு பேருக்கும் ஒரே சுகர், அளவுகோல்தான் வேறு. இங்கே நான் 7.8 என்று எழுதிய ஹீமோகுளோபின் கனடாத் துண்டில் 78 என்று இருக்கும். காய்ச்சலுக்குக் குடிக்கிற பனடோலும் அப்படித்தான், அங்கே ரைலனோல் என்ற பெயரில் விற்பார்கள், பெட்டியில் அசெற்றமினோபன் என்று போட்டிருக்கும், மருந்து ஒன்றே. இது தெரியாமல் ஊரிலிருந்து கொண்டுபோனதையும் அங்கே வாங்கியதையும் சேர்த்துக் குடித்தால் ஈரலுக்குத்தான் கேடு.

அதனால் வெளிநாடு போகுமுன் என்னிடம் மெடிக்கலுக்கோ தடுப்பூசிக் கொப்பி பிரதி எடுக்கவோ வருகிற குடும்பங்களில் நான் அம்மாவிடம் ஒரு வேலை கொடுப்பேன். குடிக்கிற குளிசையின் உண்மைப் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த மருந்து ஒத்துவராது, பிறந்த திகதி. இந்த நாலையும் ஆங்கிலத்தில் பாடமாக்கி எனக்கே சொல்லிக்காட்ட வேண்டும். கணவர் சிரிப்பார், "நான் சொல்லுவன்தானே டொக்டர்" என்பார். நீங்கள் வேர்ஹவுசில் நைட் ஷிஃப்ற்றில் நிற்கும்போது யார் சொல்வது என்று கேட்டால் சிரிப்பு நின்றுவிடும்.

பேரப்பிள்ளை பார்க்கப் போகிற அம்மம்மாமாருக்கு இது இரட்டிப்பு. பிள்ளைகளிடம் போகிற பெற்றோருக்குக் கனடா கொடுக்கிற சுப்பர் விசாவில் ஒரு தரம் போனால் ஐந்து வருடம் வரை இருக்கலாம், அதற்குக் குறைந்தது ஒரு லட்சம் டொலர் மருத்துவக் காப்புறுதி காட்ட வேண்டும். அந்தக் காப்புறுதிப் படிவத்தை அம்மாவைக் கேட்காமல் மருமகனே நிரப்பி, வருத்தம் ஒன்றுமில்லை என்று போட்டுவிட்டால், பிறகு நெஞ்சு நோவென்று ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று காப்புறுதிக்காரர் கையை விரிக்கலாம். பகல் முழுக்க வீட்டில் தனியாக நிற்பதும் அம்மம்மாதான். அவசர இலக்கமான 911ஐ அழுத்தி 'டமில்' என்ற ஒரு சொல்லைச் சொன்னால் போதும், மொழிபெயர்ப்பாளரை இணைக்கும் வசதி ரொறன்ரோவில் இருக்கிறது, லைனை மட்டும் வைத்துவிடக்கூடாது. கூடவே வீட்டு விலாசத்தைத் தமிழ் எழுத்தில் எழுதிக் குளிர்ப்பெட்டியில் ஒட்டுங்கள். ஒருமுறை இதைச் சொன்னபோது ஒரு அம்மா, "மகள் வீட்டு விலாசம் எனக்கு என்னத்துக்கு, நான் வெளியில போறேல்லையே" என்றா.

அந்தச் சுன்னாகத்து அம்மாவுக்கு இங்கேயே ஸ்கான் செய்தோம், கருப்பையில் கட்டி, இரும்புச்சத்து ஏற்றி, ஆங்கிலத்தில் கடிதம் எழுதிக் கையில் கொடுத்தனுப்பினேன், கடிதத்தில் கடைசி வரி 'தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை, மகன் வேண்டாம்' என்பது. தை மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. தானே போன் அடித்தாவாம், இருபது நிமிடம் பாட்டுப் போட்டுக் காக்க வைத்தார்களாம், பாடமாக்கினதில் பாதி மறந்துபோய் 'டமில், டமில்' என்று இரண்டு தரம் சொன்னாவாம், வேறொரு குரல் வந்து வணக்கம் என்றதாம். பிறகு டொக்டரிடம் எடுத்த நாள் வர, தானே போய் இருந்திருக்கிறா. நம் ஆட்களுக்குத் தகப்பன் பெயர்தானே அங்கே குடும்பப் பெயராகிவிடுகிறது.

"வாசலில நிண்டு பேர் கூப்பிட்டவா டொக்டர். எங்கட அப்பான்ர பேர். அப்பா செத்து எட்டு வருசம், ஆரைக் கூப்பிடுறா எண்டு நானும் சுத்திப் பாத்துக்கொண்டு இருந்திட்டன். மூண்டாந்தரம்தான் எழும்பினனான்."