முயலுக்கும் தோட்டாவுக்கும் நடுவே காற்று

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம். வெயில் தாழும் நேரம், வளையை விட்டு வெளியே வந்து மேய்கிறது ஒரு முயல். நூறு மீட்டர் தள்ளி, பாயிண்ட் 22 (0.22 அங்குலக் குழல்) ரைபிளுடன் குப்புறப் படுத்திருக்கிறார் பண்ணைக்காரர். அவர் குறிவைப்பது முயலின் தலையை. உள்ளங்கையைவிடச் சிறிய இலக்கு. பட்டால் அந்தக் கணமே உயிர் போகும். சில சென்டிமீட்டர் விலகினால் முயல் காயத்தோடு வளைக்குள் புகுந்து துடித்துச் சாகும். பூச்சி, எலி போல ஒழிக்கப்பட வேண்டிய உயிர்தான் என்றாலும் அந்த வதைக்கு நியாயமே கிடையாது.

1859-இல் இதே மாநிலத்தில் தாமஸ் ஆஸ்டின் என்ற நிலக்கிழார் வேட்டைக்காக இங்கிலாந்திலிருந்து முயல்களை வரவழைத்தார். அவை கண்டத்தின் பெரும்பகுதிக்குப் பரவின. துப்பாக்கியால் அந்தப் பெருக்கம் அடங்கவில்லை; 1950-இல் பரப்பப்பட்ட, முயல்களைக் கொல்லும் மிக்சோமா வைரஸ்தான் முதன்முதலாக அதைப் பெரிய அளவில் குறைத்தது. வளைகளை உழுது தகர்த்த பிறகு எஞ்சும் சில முயல்களுக்குத்தான் இன்று ரைபிள் உதவுகிறது.

தோட்டாவை முதலில் இழுப்பது புவியீர்ப்பு. நொடிக்கு 330 மீட்டர் வேகத்தில் புறப்படும் தோட்டா நூறு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய மூன்றில் ஒரு நொடி ஆகிறது. அதற்குள் அரை மீட்டர் கீழே இறங்கிவிடும். இருநூறு மீட்டரில் இறக்கம் இரண்டு மீட்டரைத் தாண்டும். ஆனால் தூரம் தெரிந்தால் இதைக் கணக்கிட்டுக் குழலைச் சற்றே உயர்த்திக்கொள்ளலாம்.

பக்கக் காற்று அப்படிப்பட்டதல்ல. நொடிக்கு 5 மீட்டர் வேகக் காற்று மூன்றில் ஒரு நொடி தள்ளினால் தோட்டா ஒன்றரை மீட்டருக்கு மேல் விலக வேண்டும் என்று தோன்றும். உண்மையில் விலகுவது சுமார் 10 சென்டிமீட்டர்தான். சுழலும் தோட்டா, தன்மேல் வந்து மோதும் காற்றை நோக்கி மூக்கை லேசாகத் திருப்பிக்கொள்கிறது. அதனால் காற்று அதைப் பக்கவாட்டில் அடித்துத் தள்ளுவதில்லை. சற்றே சாய்வாகப் பின்னுக்கு இழுக்கிறது. வேகம் குறையாமலே பறந்திருந்தால் எத்தனை நேரம் ஆகியிருக்குமோ, அதைவிட எவ்வளவு தாமதமாகிறதோ அந்தத் தாமதத்தைக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் விலகல் கிடைக்கும். இங்கே தாமதம் ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு.

வேகமான தோட்டா காற்றை வெல்லும் என்ற நம்பிக்கை இங்கேதான் உடைகிறது. அதே ரைபிளில் நொடிக்கு 380 மீட்டர் வேகத் தோட்டாவைப் போட்டால் அது ஒலியை முந்துகிறது. முன்னால் அதிர்வலை எழும்புகிறது, காற்றுத் தடை சட்டென்று ஏறுகிறது, தாமதம் கூடுகிறது. விளைவு, மெதுவான தோட்டாவைவிட மூன்று விரற்கடை அதிக விலகல். போதாக்குறைக்கு, அந்த அதிர்வலையின் வெடிப்போசை பக்கத்து முயல்களையும் வளைக்குள் விரட்டிவிடும்.

தொலைவில் ஆடும் புல்லைவிடத் துப்பாக்கிக்கு அருகில் ஆடும் புல்லையே அதிகம் கவனிக்க வேண்டும். தொடக்கத்தில் திரும்பிய பாதை, மீதித் தூரம் முழுவதும் விலகிக்கொண்டே போகும். காற்று அடங்கும்வரை காத்திருக்கலாம். அடங்காவிட்டால், ஊர்ந்து அறுபது மீட்டருக்கு நெருங்கலாம். அதே காற்றில், அதே தோட்டா அங்கே 4 சென்டிமீட்டருக்குள்தான் விலகும்.