சைக்கிளையும் உள்ளே கொண்டு வாங்க

திருநெல்வேலியில் பிசியோதெரபி கிளினிக் வைத்திருப்பதில் ஒரு வேடிக்கை உண்டு. காஷ்மீர் பக்கமிருந்து கன்னியாகுமரிக்கு வருகிற தேசிய நெடுஞ்சாலை 44 ஊரை ஒட்டித்தான் போகிறது. அதில் சைக்கிள் மிதித்து வருகிறவர்களுக்கு இங்கிருந்து இன்னும் எண்பத்தைந்து கிலோமீட்டர்தான் பாக்கி. அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்தவர்களுக்குச் சரியாக இங்கே வந்ததும் முட்டி மடங்காது. மழை விட்ட பிறகு, பிப்ரவரி முடிகிற வரைக்கும், மாதத்துக்கு இரண்டு பேராவது ஹெல்மெட்டும் கையுமாக வந்து நிற்பார்கள்.

போன சீசனில் சேலத்துக்காரர் ஒருவர் வந்தார். வயது நாற்பத்திரண்டு, மேஜை வேலை. முதல் நாள் கரூர், இரண்டாம் நாள் மதுரை, மூன்றாம் நாள் நெல்லை. ஷூவைக் கழற்றிவிட்டு உட்காரவே அரை நிமிஷம் ஆனது.

"சதை வலிதான் டாக்டர். ஒரு ஊசி போட்டுட்டீங்கன்னா நாளைக்குக் கன்னியாகுமரி போய்ச் சேர்ந்துருவேன்."

"நான் ஊசி போடுற டாக்டர் இல்ல சார். எங்க வலிக்குதுன்னு மட்டும் காட்டுங்க."

அவர் ஆள்காட்டி விரலை வலது முட்டிச் சில்லுக்குக் கீழே ஒரே இடத்தில் வைத்து அழுத்தினார். பாதி விஷயம் எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

"சைக்கிள் எங்க?"

"வெளிய நிக்குது."

"அதையும் உள்ளே கொண்டு வாங்க."

வலியைக் காட்டச் சொன்னால் ஆட்கள் இரண்டு விதமாகக் காட்டுவார்கள். ஒரு சாரார் உள்ளங்கையால் தொடை முழுக்கத் தடவி, "இந்த ஏரியாவே வலிக்குது" என்பார்கள். இன்னொரு சாரார் ஒற்றை விரலால் ஒரு புள்ளியைத் தொடுவார்கள். உள்ளங்கை வலி பெரும்பாலும் சதையின் களைப்பு. சோறும் தூக்கமும் கிடைத்தால் போய்விடும். ஒற்றை விரல் வலிக்குக் காரணம் பெரும்பாலும் மூட்டு, தசைநாண், நரம்பு இவற்றில் ஒன்று. ஓய்வு கொடுத்தால் அடங்கும். ஆனால் மறுநாள் அதே சைக்கிளில் ஏறினால் அதே கிலோமீட்டரில் திரும்ப வந்து நிற்கும். இது நூற்றுக்கு நூறு சரியான சோதனை இல்லை. ஆனால் நடுரோட்டில் கையில் வேறு எதுவும் இல்லாதபோது இதுவே போதும்.

முதலில் உள்ளங்கை வலி. "லாக்டிக் ஆசிட் சேர்ந்துடுச்சு" என்று இன்னமும் ஜிம்களில் சொல்கிறார்கள். ஓட்டி முடித்து ஒரு மணி நேரம் போல ஆனாலே அது ரத்தத்தில் பழைய அளவுக்கு இறங்கிவிடும். மறுநாள் காலை வலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மறுநாள் வலி என்பது தசைநார்களில் ஏற்படும் மிக நுண்ணிய சேதமும், அதை உடம்பு சரிசெய்யும்போது வரும் அழற்சியும். ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கும். தசை நீண்டுகொண்டே பாரம் தாங்கும் வேலையில்தான் இது அதிகம். பழனிக்குப் படியேறிப் போய் வந்தவர்களைக் கேளுங்கள், மறுநாள் தொடை கடுத்தது ஏறியதால் அல்ல, இறங்கியதால். சைக்கிளில் அந்த மாதிரி வேலை மிகக் குறைவு. கால் தள்ளத்தான் செய்கிறது, தாங்குவதில்லை. அதனால் ஓரளவு பழகியவருக்கு சைக்கிள் பயணத்தில் தாங்க முடியாத சதை வலி வரக் கூடாது. வந்தால் அளவுக்கு மீறி மிதித்திருக்கிறார், இல்லையென்றால் சரியாகச் சாப்பிடவில்லை. அதுவும் இல்லையென்றால் சைக்கிள் அவர் உடம்புக்குப் பொருந்தவில்லை.

இரண்டாம் நாள் காலையில் தொடை கல் மாதிரி இருக்கும். பயப்பட வேண்டாம். லேசான கியரில் இருபது நிமிஷம் மிதித்துப் பாருங்கள். குறைந்துகொண்டே வந்தால் அது களைப்பு. மிதிக்க மிதிக்க ஏறினால் அங்கேயே இறங்கி சைக்கிளைப் பாருங்கள்.

சேலத்துக்காரர் சைக்கிளை உள்ளே உருட்டிக்கொண்டு வந்ததும் சுவரோரமாக நிறுத்தி, ஒரு கையைச் சுவரில் ஊன்றி உட்காரச் சொன்னேன். பெடலை அடியில் கொண்டுவந்து குதிகாலை அதன்மேல் வைத்தால் முட்டி நேராக நிற்க வேண்டும். அப்புறம் பாதத்தின் முன்பகுதியை வைத்தால் லேசாக மடங்க வேண்டும், 25 முதல் 35 டிகிரி. இவருக்குக் குதிகால் வைக்கும்போதே முட்டி நன்றாக மடங்கி நின்றது.

"சீட்டை இறக்குனீங்களா?"

"இல்லையே."

அல்லன் கீயை எடுத்து சீட் குழாயைத் தளர்த்தி மெல்ல உயர்த்தினேன். உள்ளே இருந்து வட்டமாக ஒரு பழைய அழுக்குக் கோடு வெளியே வந்தது. ஸ்கேல் வைத்துப் பார்த்தால் 2.5 சென்டிமீட்டர். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார். கரூரில் சொந்தக்காரர் வீட்டில் தங்கியபோது மச்சான் பையன் தெருவில் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்திருக்கிறான். அவன் உயரத்துக்கு இறக்கியதைக் காலையில் ஏதோ ஒரு குத்துமதிப்பில் ஏற்றிக்கொண்டு கிளம்பியிருக்கிறார்.

ஒரு அங்குலத்தில் என்ன வந்துவிடும் என்று கேட்பார்கள். நிமிஷத்துக்கு எண்பது சுற்று என்றால் மணிக்கு 4,800. கரூரிலிருந்து நெல்லை முந்நூறு கிலோமீட்டர், பதினைந்து மணி நேரம் மிதித்திருப்பார். 72,000 முறை அந்த முட்டி தேவைக்கு அதிகமாக மடங்கிய நிலையிலிருந்து தள்ளியிருக்கிறது. சில்லையும் அதற்குக் கீழே எலும்போடு பிணைக்கிற தசைநாணையும் நசுக்க அது தாராளம். திண்டுக்கல் தாண்டியதும் லேசாக ஆரம்பித்தது என்றார்.

சீட் தாழ்ந்தால் முட்டிக்கு முன்னால் வலிக்கும். சீட் உயர்ந்தால் முட்டிக்குப் பின்னால் வலிக்கும், இடுப்பும் இரண்டு பக்கமும் ஆட ஆரம்பிக்கும். பின்னால் வருகிற நண்பரிடம் பார்க்கச் சொன்னால் சொல்லிவிடுவார். முட்டியின் வெளிப்பக்கம் கத்தி கீறுவது போல வந்தால் பாதம் பெடலில் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பெடலோடு மாட்டிக்கொள்ளும் ஷூ போடுகிறவர்களுக்கு இது அடிக்கடி வரும். எதை மாற்றினாலும் சில மில்லிமீட்டராக மாற்றுங்கள், மாற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். தவறிப்போய் இறங்கிய சீட்டைப் பழைய கோட்டுக்குக் கொண்டுபோவது மட்டும் விதிவிலக்கு. அந்தக் கோட்டுக்காகத்தான் வீட்டை விட்டுக் கிளம்பும் முன் சீட் குழாயில் இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று ஒட்டச் சொல்கிறேன். செலவு பத்து ரூபாய்.

இன்னொன்று கியர். நம் ஆட்களுக்குப் பெரிய கியரில் அழுத்தி மிதிப்பதில் ஒரு கெத்து. பின்னால் பை கட்டிய சைக்கிளில் அந்தக் கெத்து முட்டியில் போய் உட்காரும். வலது முட்டி மேலே வருவதைப் பதினைந்து விநாடி எண்ணுங்கள். இருபது வந்தால் நிமிஷத்துக்கு எண்பது, நல்லது. பதினைந்துக்குக் கீழே போனால் கியரை இறக்குங்கள். ஆனி, ஆடியில் வருகிறவர்களுக்கு வள்ளியூர், பணகுடி தாண்டியதும் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று காத்திருக்கும். அங்கே காற்றாலைகளை நட்டு வைத்திருப்பது சும்மா இல்லை. சமதளம்தானே என்று கியரை இறக்காமல் அந்தக் காற்றோடு மல்லுக்கு நிற்பவர்கள் மலையேறியவர்களை விட மோசமான முட்டியோடு வருவார்கள்.

குரக்கு பிடிப்பது தனிக் கதை. கெண்டைக்காலில் சதை உருண்டு திரண்டு கட்டியாக நிற்கும்போது தேய்க்கக் கூடாது, நீட்ட வேண்டும். இறங்கி உட்கார்ந்து, காலை நீட்டி, பாத விரல்களைப் பிடித்து உங்களை நோக்கி இழுங்கள். அரை நிமிஷம் விடாமல் பிடித்தால் பெரும்பாலும் விட்டுவிடும். உப்புக் குறைவுதான் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள். அதுவும் ஒரு பங்கு. ஆனால் களைத்த தசைக்கும் அதை இயக்கும் நரம்புக்கும் உள்ள ஒழுங்கு குலைவதும் காரணம். அதனால்தான் குரக்கு பெரும்பாலும் கடைசி முப்பது கிலோமீட்டரில் வருகிறது. வேகத்தைக் குறைக்காமல் உப்புத் தண்ணீர் மட்டும் குடித்தால் திரும்பவும் பிடிக்கும்.

தண்ணீரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வெயிலில் மணிக்கணக்காக வியர்த்துவிட்டு வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் ஆபத்து. ரத்தத்தில் சோடியம் இறங்கித் தலைவலி, வாந்தி, குழப்பம் வரை போகும். உப்புப் போட்ட மோர், எலுமிச்சை சர்பத், மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஓஆர்எஸ் பொடி, இவற்றில் ஏதாவது நடுநடுவே வேண்டும். பொடியைப் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரையுங்கள். டெட்ரா பேக்கில் வரும் பழச்சுவை பானம் அதற்கு மாற்று ஆகாது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உப்பு விஷயத்தை முதலிலேயே தங்கள் டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும். சாப்பாட்டில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. முக்கால் மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரு வாழைப்பழம், இல்லையென்றால் இரண்டு கடலைமிட்டாய். மதுரையிலிருந்து வருகிறவர்களுக்குக் கோவில்பட்டி வழியிலேயே இருக்கிறது, 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய், இதைவிட வேறென்ன வேண்டும்!

சேலத்துக்காரரின் பையைத் திறந்து காட்டச் சொன்னேன். நான் பயந்தது போலவே இருந்தது. பாதி காலியான வலி மாத்திரை அட்டை, ஸ்பிரே டப்பா. மதுரையிலிருந்து காலை, மதியம், சாயங்காலம் என்று மூன்று போட்டிருக்கிறார். மருந்துக் கடையில் கேட்டதும் கொடுத்துவிட்டார்களாம்.

இந்த இடத்தில் மட்டும் நான் கொஞ்சம் குரலை உயர்த்துவேன். டைக்லோஃபெனாக், ஐபுபுரோஃபென் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கக் கூடியவை. வீட்டில் ஃபேன் அடியில் உட்கார்ந்து ஒன்று போடுவது வேறு. உடம்பு நீர் வற்றி, தசை நொந்து, வெயிலில் மிதித்துக்கொண்டே போடுவது வேறு. வலி மறைந்துவிடுவதால் நொந்த இடத்தையே இன்னும் நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள். சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். அடர் மஞ்சள் என்றால் தண்ணீர் போதவில்லை. கடுங்காப்பி, கோலா நிறத்தில் போனால் தசை சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்தில் இறங்குகிறது என்று பொருளாக இருக்கலாம். அன்றைக்கே, அந்த மணி நேரமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஸ்பிரே, தைலம் எல்லாம் தோலில் எரிச்சல் காட்டிக் கவனத்தைத் திருப்பும். தடவிக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் அது சீட்டை உயர்த்தாது.

கால் வலியோடு வருபவர்கள் கை மரத்துப்போனதைச் சொல்லவே மாட்டார்கள். நானே அப்படித்தான். முதன்முதலில் நெல்லையிலிருந்து திருச்செந்தூர் போய் அன்றே திரும்பியபோது முழங்கையை விறைப்பாக நீட்டி, உடம்புப் பாரத்தை எல்லாம் உள்ளங்கையில் போட்டே ஓட்டினேன். பிசியோதெரபிஸ்ட் என்றுதான் பேர். மறுநாள் காலையில் சட்டைப் பொத்தான் போட சுண்டு விரலும் மோதிர விரலும் ஒத்துழைக்கவில்லை. சுண்டு விரல் பக்கம் போகும் நரம்பு உள்ளங்கையில் நசுங்கியதன் பலன்; சரியாக ஒரு வாரம் பிடித்தது. முழங்கையைத் தளர்த்துங்கள், பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை கை வைக்கும் இடத்தை மாற்றுங்கள். கழுத்துக்கும் இதே கதைதான். அமெரிக்காவை மேற்கிலிருந்து கிழக்காகக் கடக்கும் ரேஸ் அக்ராஸ் அமெரிக்கா சைக்கிள் போட்டியில் 1983இல் மைக்கேல் ஷெர்மர் என்ற வீரருக்குக் கழுத்துத் தசைகள் தலையைத் தூக்கிப் பிடிக்க முடியாமல் கைவிட்டுவிட்டன. அந்த நிலைக்கே அவர் பெயர் நின்றுவிட்டது. நம் பயணங்களில் அவ்வளவு தூரம் போகாது. ஆனால் முதல் நாளே பிடரி இறுகினால் ஹேண்டில்பார் தாழ்ந்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

சாயங்காலம் அறைக்குப் போனதும் கட்டிலில் விழாதீர்கள். பத்து நிமிஷம் நடங்கள். ஒரு மணி நேரத்துக்குள் சோறோ இட்லியோ, கூடவே முட்டை, பருப்பு, சுண்டல் என்று ஏதாவது. மெதுவாகத் தடவி விடுவது சுகமாக இருக்கும். "சுளுக்கு எடுக்கிறேன்" என்று எண்ணெய் போட்டு முழங்கையால் அழுத்தும் ஆளிடம் மட்டும் நொந்த காலைக் கொடுத்துவிடாதீர்கள். மறுநாள் கன்றிப்போய் என்னிடம் வந்தவர்கள் உண்டு. தசையை இழுத்து நீட்டும் பயிற்சி விறைப்பைக் குறைக்கும். மறுநாள் வலியை அது பெரிதாகத் தடுப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மிகப் பெரிய மருந்து எட்டு மணி நேரத் தூக்கம், அதைத்தான் யாரும் வாங்குவதில்லை.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, தொட்டாலே வலித்தால் அது சதைப்பிடிப்பு இல்லாமல் ரத்தக்கட்டியாக இருக்கலாம். பயணம் முடித்து ராத்திரி முழுக்க பஸ்ஸில் மடங்கி உட்கார்ந்து ஊர் திரும்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மிதிக்கும்போது நெஞ்சு இறுகினாலோ, வலி தாடைக்கோ இடது கைக்கோ போனாலோ பிசியோதெரபிஸ்ட்டைத் தேடாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள்.

சேலத்துக்காரருக்கு மாத்திரையை நிறுத்தச் சொல்லி, நிறைய தண்ணீர் குடிக்கச் சொல்லி, ஒரு நாள் முழு ஓய்வு சொன்னேன். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று ரத்தப் பரிசோதனைக்கும் அனுப்பினேன். நல்ல வேளை, ஒன்றும் இல்லை. அதற்கு மறுநாள் கிளம்பினார். வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று அரை மணிக்கு ஒரு முறை தன்னையே கேட்க வேண்டும், நாலைத் தாண்டினால் நிறுத்த வேண்டும் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். நாங்குநேரியிலிருந்து போன் வந்தது.

"அஞ்சு ஆயிடுச்சு டாக்டர். இன்னும் அம்பத்தஞ்சு கிலோமீட்டர்தான். ஓட்டிரட்டுமா?"

"உங்க முட்டி, நீங்க சொல்லுங்க."

கொஞ்ச நேரம் லாரிச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம், "லோடு ஆட்டோ ஒண்ணு நிக்குது, பேசிட்டு வரேன்" என்று வைத்துவிட்டார். இரண்டு மாதம் கழித்து நாங்குநேரியிலிருந்தே ஆரம்பித்து மீதியை ஓட்டி முடித்தார். போகிற வழியில் கிளினிக்குக்கு வந்தவர் சீட் குழாயைத்தான் முதலில் காட்டினார். சிவப்பு டேப்பு, இரண்டு சுற்று.