‘உறுப்பு மாற்று மரபணு’ சரியான சொல்லா?

பூவின் உறுப்புகள் உருவாகும் விதத்தைப் பேசும் தமிழ்க் கட்டுரைகளில் எந்த இடத்தில் எந்த உறுப்பு வளர வேண்டும் என்று உறுதிசெய்யும் ‘ஹோமியோட்டிக் ஜீன்’ என்பதை ‘உறுப்பு மாற்று மரபணு’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அண்மையில் இச்சொல்லைப் படித்த மாணவி ஒருவர், சிறுநீரக மாற்று அறுவைக்கும் இந்த மரபணுவுக்கும் என்ன தொடர்பு என்று என்னிடம் கேட்டார். அவர் பிழையாகப் படிக்கவில்லை. அச்சொல் தமிழில் தரும் பொருளைத்தான் அவர் எடுத்துக்கொண்டார்.

கிரேக்க மொழியில் ‘ஹோமோயோஸ்’ என்றால் ‘ஒத்தது’. வரிசையாக அமைந்த உறுப்புகளுள் ஒன்று, அதே வரிசையிலுள்ள மற்றொன்றின் உருவைக் கொள்வதற்கு 1894-இல் உயிரியலாளர் வில்லியம் பேட்சன் இதிலிருந்து ‘ஹோமியோசிஸ்’ என்று பெயரிட்டார். அடுக்குச் செம்பருத்தியில் மகரந்தத்தாள்கள் இதழாகி நிற்பது இவ்வகையே.

பூவில் வெளியிலிருந்து உள்நோக்கிப் புல்லிதழ், அல்லிதழ், மகரந்தத்தாள், சூலிலை என நான்கு வட்டங்கள் உள்ளன. அராபிடாப்சிஸ், ஆன்டிரைனம் ஆகிய செடிகளில் மரபணு கெட்டதால் உருமாறிய பிறழ்வுகளை ஆராய்ந்து, உயிரியலாளர்கள் என்ரிக்கோ கோயனும் எலியட் மேயரோவிட்ஸும் 1991-இல் இவ்வட்டங்களுக்கு ஒரு விளக்கம் தந்தனர். அதன்படி இம்மரபணுக்கள் ஏ, பி, சி என மூன்று வகை. ஏ வகை மரபணு தனித்துச் செயல்பட்டால் புல்லிதழும், ஏயும் பியும் சேர்ந்தால் அல்லிதழும், பியும் சியும் சேர்ந்தால் மகரந்தத்தாளும், சி தனித்தால் சூலிலையும் தோன்றும். ஏயும் சியும் ஒன்றையொன்று அடக்கிவைக்கும். பி வகை செயலிழந்தால் அல்லிதழ் இருக்க வேண்டிய இடத்தில் புல்லிதழும், மகரந்தத்தாள் இருக்க வேண்டிய இடத்தில் சூலிலையும் வருகின்றன. சி வகையைச் சேர்ந்த அகாமஸ் என்ற மரபணு செயலிழந்தால் மகரந்தத்தாள்கள் அல்லிதழ்களாகின்றன. சூலிலைகளின் இடத்தில் மற்றொரு பூ தொடங்கி, அதனுள்ளும் அப்படியே தொடர்கிறது. மூன்று வகையும் ஒருங்கே இழந்த செடியில் நான்கு வட்டங்களிலும் இலை போன்றவையே முளைக்கின்றன.

இந்தச் செய்தியை மனத்தில் கொண்டு ‘உறுப்பு மாற்று மரபணு’ என்பதைப் படித்தால் அதன் பெருங்குறை விளங்கும். மருத்துவத்தில் அத்தொடர் வேரூன்றிவிட்டது என்பது ஒரு தடை மட்டுமே. அதைவிடப் பெரிய தடை, நலமாக இயங்கும்போது இந்த மரபணு எந்த உறுப்பையும் மாற்றுவதில்லை என்பது. இந்த இடத்தில் இன்ன உறுப்புதான் வளர வேண்டும் என்று அது உறுதிசெய்கிறது, அது கெடும்போதே மாற்றம் நிகழ்கிறது. காவல் இல்லாதபோது களவு நடக்கிறது என்பதற்காகக் காவலரைக் கள்வர் என்று அழைக்கலாமா? மரபணுக்களுக்கு அவற்றின் பிறழ்வைக் கொண்டு பெயரிடுவது ஆய்வாளர் வழக்கந்தானே என்று சிலர் மறுக்கக்கூடும். இதழின்மையைக் குறிக்கும் ‘அபெட்டலா’ அப்படி வந்ததே. ஆனால் அது ஒரு மரபணுவின் இடுபெயர். அதை ஒலிபெயர்த்து அப்படியே எழுதலாம். ஒரு வகை முழுவதையும் சுட்டும் கலைச்சொல்லுக்கு அந்தச் சலுகை பொருந்தாது, ஏனெனில் படிப்பவர் அச்சொல்லைக் கொண்டே பொருளை அறிய முயல்கிறார். ‘ஒத்த மரபணு’ என்று எழுதுவோரும் இருக்கிறார்கள். கிரேக்க வேருக்கு அது நேரானதுதான். ஆயினும் ஒத்த குரோமோசோம் என்ற வழக்கு முன்பே இருப்பதால் மாணவர் இரண்டையும் குழப்பிக்கொள்வார்.

மூலத்தில் ஒரே வேரிலிருந்து வந்த இரு கருத்துகளுக்குத் தமிழிலும் ஒரே வேர் வேண்டும் என்று கருதுவதால்தான் இந்த இடர் நேர்கிறது என்பது என் எண்ணம். நிகழ்வு வேறு, மரபணுவின் பணி வேறு. நிகழ்வுக்கு ‘உறுப்புத்திரிபு’ போதும். பொன்னும் குடமும் புணர்ந்து பொற்குடம் ஆகும்போது ‘ன்’ நின்ற இடத்திலேயே ‘ற்’ வந்து நிற்பதை நம் இலக்கணம் திரிதல் என்கிறது. எழுத்து கூடவுமில்லை, குறையவுமில்லை, இடமும் மாறவில்லை. மகரந்தத்தாளின் இடத்தில் இதழ் நிற்பதும் அத்தகையதே. மரபணுவை ‘உறுப்படையாள மரபணு’ எனலாம். உறுப்புக்கு அதன் அடையாளத்தைத் தருவதே அதன் பணி. இப்படிப் பிரித்துக்கொண்டால், ‘உறுப்படையாள மரபணு கெட்டதால் உறுப்புத்திரிபு நேர்ந்தது’ என்று எழுத முடிகிறது. பழைய சொல்லை வைத்து எழுதினால் இதே வாக்கியம், ‘உறுப்பு மாற்று மரபணு கெட்டதால் உறுப்பு மாறியது’ என்று தன்னையே மறுத்து நிற்கும்.