மழைக்கு முன்னால் வரும் மூச்சுத்திணறல்

மெல்போர்னில் குடியேறி நான்கு ஆண்டுகள் ஆன வாசகி ஒருவர் கேட்கிறார்: "திருச்சியில் இருந்தவரை எனக்குத் தும்மல் என்றால் சளிதான். இங்கே அக்டோபர் பிறந்தாலே கண் அரிக்கிறது, மூக்கு ஒழுகுகிறது. மகரந்த அளவு மிக அதிகம் என்று கைப்பேசி சொல்கிறது. அதை எப்படி எண்ணுகிறார்கள்? நம்பலாமா?"

தாராளமாக நம்பலாம். கூடவே இடிமழை ஆஸ்துமா எச்சரிக்கை என்று ஒன்று வரும்; இடிமழையை ஒட்டிப் பலருக்கு ஒரே நேரத்தில் மூச்சுத்திணறல் வருவதற்குத்தான் அந்தப் பெயர். அதையும் தவறாமல் பார்க்கச் சொல்வேன்.

ஒவ்வாமை ஏன் இத்தனை தாமதமாக வந்தது? புதிய புரதம் ஒன்றுக்கு எதிராக உடல் ஐஜிஇ (IgE) என்ற ஒவ்வாமை எதிர்ப்பொருளைத் திரட்ட ஓரிரு பருவங்களாவது பிடிக்கும். திரட்டி முடித்த பிறகு ஒவ்வொரு சந்திப்பிலும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் சுரந்து, தும்மலும் அரிப்பும் தொடங்கிவிடும். மெல்போர்னில் அந்தப் புரதத்தைச் சுமந்து வருவது ரை புல். கால்நடைத் தீவனத்துக்காக வெளியிலிருந்து வந்த புல் அது. நகருக்கு வடக்கிலும் மேற்கிலும் மேய்ச்சல் நிலங்களை நிறைத்திருக்கிறது. வடக்குக் காற்று அடித்தால் மகரந்தம் நகருக்குள் வரும். தெற்கே இருப்பது கடல் என்பதால் அந்தப் பக்கத்துக் காற்றில் அதிகம் இராது. குளிர்காலத்திலும் வசந்தத்திலும் பெய்த மழையை வைத்துப் புல் எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று கணிக்கலாம். செயற்கைக்கோள் படங்களும் பசுமையைக் காட்டிக்கொடுக்கும். இவற்றோடு நாளைய காற்றின் திசையையும் வெப்பத்தையும் சேர்த்தால் முன்னறிவிப்பு தயார்.

எண்ணும் கருவி இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் ஹிர்ஸ்ட் என்பவர் 1952-ல் வடிவமைத்தது. பயிர் நோய்களைப் பரப்பும் பூஞ்சை வித்துகளைப் பிடிக்கத்தான் அதைச் செய்தார். நிமிடத்துக்கு 10 லிட்டர் காற்றை ஒரு மெல்லிய பிளவு வழியாக அது உறிஞ்சும். உள்ளே பசை தடவிய நாடா சுற்றிய உருளை, மணிக்கு 2 மில்லிமீட்டர் வீதம் நகரும். ஒரு நாள் என்பது 48 மில்லிமீட்டர் நாடா. அதை வெட்டி, சாயமேற்றி, நுண்ணோக்கியின் கீழ் வைத்து ஒரு மனிதர் உட்கார்ந்து எண்ணுகிறார். புல் மகரந்தம் உருண்டையாக, வழவழப்பாக, மூடி போட்ட ஒரே துளையோடு தெரியும். நெல்லும் புல்தான், நெல் மகரந்தத்தையும் ரை புல் மகரந்தத்தையும் இந்த முறையில் பிரித்துச் சொல்வது ஏறக்குறைய இயலாத காரியம். ஒரு கன மீட்டர் காற்றில் 50 புல் மகரந்தத் துகள்களுக்கு மேல் இருந்தால் அதிகம், 100-ஐ எட்டினால் மிக அதிகம்.

இந்த இடத்தில் உள்ளூர்த் தேன் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்தந்த ஊர்த் தேனைச் சாப்பிட்டால் மகரந்த ஒவ்வாமை போய்விடும் என்ற நம்பிக்கை பல நாடுகளில் இருக்கிறது. தேனீ தேடிப் போவது பெரும்பாலும் வண்ணமும் தேனும் உள்ள பூக்களை. அவற்றின் மகரந்தம் கனமானது, ஒட்டும் தன்மையுள்ளது. நம்மைத் தும்ம வைப்பதோ காற்றை நம்பிப் பிழைக்கும் புல்லின் தூள். தேன் குடித்து மருந்தைத் தள்ளிப்போடுவது ஆஸ்துமாக்காரருக்கு ஆபத்து.

2016 நவம்பர் 21-ஆம் தேதிக்கு வருகிறேன். அன்று மெல்போர்னில் 35 டிகிரி வெயில், வடக்குக் காற்று. மகரந்த எண்ணிக்கை 100-க்குக் கொஞ்சம் மேலே. அதைவிட அதிகமான நாட்களை அந்த நகரம் அமைதியாகக் கடந்திருக்கிறது. மாலையில் இடிமழையின் முகப்புக் காற்று, அதாவது மழைக்கு முன்னால் வீசும் குளிர்காற்று, நகரைக் கடந்தது. அடுத்த சில மணி நேரங்களில் ஆம்புலன்ஸ் அழைப்புகள் குவிந்தன. வழக்கத்தைவிட 3,000 பேருக்கு மேல் கூடுதலாக மூச்சுத்திணறலோடு அவசரப் பிரிவுகளுக்கு வந்தார்கள். 10 பேர் இறந்தார்கள்.

முழு மகரந்தத் துகள் 30 மைக்ரோமீட்டருக்கு மேல் பருமன் உள்ளது. மூக்கும் தொண்டையும் அதைப் பிடித்துவிடும். நுரையீரலின் சிறு குழாய்களுக்கு அது போய்ச் சேராது. அப்படியானால் இத்தனை பேருக்கு மூச்சுக்குழாய் சுருங்கியது எப்படி? மெல்போர்னில் 1987-லும் 1989-லும் இதே போன்ற நிகழ்வுகள் நடந்திருந்தன. அதன் பிறகு மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் புரூஸ் நாக்ஸ் குழுவினர் கண்டு 1992-ல் வெளியிட்ட விடை எனக்கு இன்றும் வியப்பூட்டுகிறது. ரை புல்லின் மகரந்தத்துக்குத் தண்ணீர் பட்டால் சவ்வூடு பரவலால் நீர் உள்ளே புகுந்து, துகள் வெடிக்கிறது, நனைந்த கனகாம்பரக் காய் படீரென்று தெறிப்பதைப் போல. வெளியே கொட்டுவது மாவுச்சத்துக் குருணைகள், ஒரு துகளிலிருந்து ஏறத்தாழ 700. ஒவ்வொன்றும் 3 மைக்ரோமீட்டருக்கும் குறைவு. ஒவ்வொன்றிலும் ஒவ்வாமைப் புரதம். மூக்கைத் தாண்டி நுரையீரலின் ஆழம் வரை போக அந்த அளவு போதும்.

இடிமேகம் இதற்கு வேண்டியதையெல்லாம் செய்து தருகிறது. மேலேறும் சூடான காற்று மகரந்தத்தை மேகத்தின் ஈரத்துக்குள் இழுக்கிறது. அங்கே வெடித்தவற்றை, மழையோடு இறங்கும் குளிர்ந்த காற்று தரைக்குக் கொண்டுவந்து, முன்னோக்கிப் பரப்புகிறது. முதல் துளி விழுமுன் வரும் அந்தக் குளிர்காற்றை அனுபவிக்கத்தான் எல்லோரும் வாசலுக்கு வருகிறோம். துகள் வெடிப்பதில் ஈரத்தின் பங்கு எவ்வளவு, மின்னலின் பங்கு எவ்வளவு, காற்றின் மோதலின் பங்கு எவ்வளவு என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள்.

அன்று பாதிக்கப்பட்டவர்களில் கணிசமானோருக்கு அதற்குமுன் ஆஸ்துமாவே கிடையாது. பருவகாலத் தும்மல் மட்டுமே இருந்தது. இந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியாவில் பிறந்தவர்கள் மக்கள்தொகை விகிதத்துக்கு மிஞ்சிய எண்ணிக்கையில் பாதிக்கப்பட்டார்கள். அதனால்தான் வாசகியின் கேள்விக்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

2017 முதல், மெல்போர்னைத் தலைநகராகக் கொண்ட விக்டோரியா மாநிலம் அக்டோபர் 1 தொடங்கி டிசம்பர் 31 வரை இடிமழை ஆஸ்துமா முன்னறிவிப்பு வெளியிடுகிறது. புல் மகரந்த அளவையும், பலத்த முகப்புக் காற்றோடு இடிமழை வருமா என்பதையும் சேர்த்துப் பார்த்து அபாயத்தைச் சொல்கிறார்கள். 10 உயிர்கள் போன பிறகே இந்த ஏற்பாடு வந்தது எனக்கு வருத்தம். நுண்ணோக்கியில் எண்ணும் வேலைக்கு எந்த நாட்டிலும் நிதி எளிதில் கிடைப்பதில்லை. ஆனால் பல ஆண்டு எண்ணிக்கை கையில் இல்லாமல் எந்தக் கணினியும் மகரந்தத்தை முன்கூட்டிச் சொல்லாது.

வாசகிக்கு: தும்மலோடு இருமலோ இழுப்போ சேர்ந்திருந்தால் பருவம் தொடங்குமுன் மருத்துவரைப் பாருங்கள், தடுப்பு இன்ஹேலர் தேவையா என்று அவர் சொல்வார். அபாயம் அதிகம் என்று அறிவித்த நாளில், மேகம் கறுத்ததும் உள்ளே போய் ஜன்னல்களை மூடிவிடுங்கள். காரில் இருந்தால் வெளிக்காற்று வராதபடி ஏசியை மாற்றிக்கொள்ளுங்கள். மழை பிடித்த பிறகு போய்க்கொள்ளலாம் என்று காத்திருக்க வேண்டாம். முகப்புக் காற்று அதற்கு முன்பே வந்துவிடும்.