ஃபோர் ஹை போட்டு வளைச்சா கார் ஏன் முரண்டு பிடிக்குது?

புதுசா ஒரு சின்ன ஃபோர் வீல் டிரைவ் எஸ்யூவி வாங்கின ஒருத்தர் கேட்டிருந்தார். "அண்ணே, மழை பெஞ்சு சேறா கிடந்த இடத்துல ஃபோர் ஹை (நாலு சக்கரத்துக்கும் சக்தி போற நிலை) போட்டேன், சும்மா ஜம்முனு வந்துடுச்சு. அப்படியே தார் ரோட்டுக்கு வந்து பார்க்கிங்ல ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சுத் திருப்பினா யாரோ பின்னாடி பிடிச்சு இழுக்கற மாதிரி நிக்குது, ஆக்சிலரேட்டர் குடுத்தா டக் டக்குனு குதிக்குது, லீவரை டூ ஹை-க்கு (ரெண்டு சக்கர நிலைக்கு) இழுத்தா வரவே மாட்டேங்குது. வாங்கி இருபது நாள்தான் ஆகுது, கியர்பாக்ஸ் போயிடுச்சா?"

போகல தம்பி. உங்க கார் நல்லா இருக்கு. இதே விஷயம் எனக்கும் முதல் மாசத்துலயே நடந்துச்சு, நான் பயந்துபோய் ஒரு ஒர்க்‌ஷாப்ல விட்டேன், அவங்க டிரான்ஸ்ஃபர் கேஸை (சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிச்சு அனுப்பற பெட்டி) பிரிச்சுப் பாக்கணும்னாங்க, பிரிச்சாங்க, உள்ள ஒண்ணுமே இல்ல, மறுபடி மூடிக் குடுத்தாங்க. ஒரு வாரமும் பணமும் போனதுதான் மிச்சம். காரோட மேனுவல்ல "காய்ஞ்ச கெட்டியான ரோட்டுல இதைப் போடாதீங்க"னு ஒரு வரி இருந்துச்சு, ஆனா ஏன்னு இல்ல. அந்த ஏன்-தான் எனக்கு இந்தக் கார்லயே ரொம்பப் பிடிச்ச விஷயம், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

அடிப்படை உங்களுக்குத் தெரிஞ்சதுதான். எஞ்சின்ல இருந்து கியர்பாக்ஸ், அங்கிருந்து டிரான்ஸ்ஃபர் கேஸ், அதுல இருந்து முன்னாடிக்கு ஒரு ஷாஃப்ட் பின்னாடிக்கு ஒரு ஷாஃப்ட், ரெண்டு முனையிலயும் ஒவ்வொரு டிஃபரன்ஷியல். சுசுகி ஜிம்னி மாதிரி பார்ட் டைம் வண்டியில, அதாவது தேவைப்படும்போது மட்டும் ஃபோர் வீல் போட்டுக்கற வண்டியில, டூ ஹை-ல இருக்கும்போது பின் ஷாஃப்டுக்கு மட்டும்தான் சக்தி போகும். ஃபோர் ஹை-க்குத் தள்ளினா முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் பல்லோட பல் கோத்து ஒண்ணா பூட்டிக்கும். நடுவுல வழுக்குற கிளட்ச் எதுவும் கிடையாது. ஒண்ணு எத்தனை சுத்து சுத்துதோ இன்னொண்ணும் அத்தனையே சுத்தணும், வேற வழி இல்ல. இதை மட்டும் மனசுல வெச்சுக்கங்க.

வளைவுல வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் போகும், உள்பக்கச் சக்கரம் கம்மியா போகும், அதைச் சமாளிக்கத்தான் டிஃபரன்ஷியல்னு ஸ்கூல்லயே படிச்சிருப்போம். இது பழைய சமாச்சாரம், 1820கள்லயே ஒனேசிஃபோர் பெக்கூர்ங்கிற பிரெஞ்சுக்காரர், கடிகாரம் செய்யறவர், நீராவி வண்டிக்காக இதுக்குக் காப்புரிமை வாங்கிட்டார். ஆனா நம்ம எல்லாருக்கும் இடது-வலது வித்தியாசம் மட்டும்தான் ஞாபகம் இருக்கும். முன்னாடி-பின்னாடின்னு இன்னொரு வித்தியாசம் இருக்கு, அதை யாரும் பெருசா பேசறதில்ல.

திரும்பற வண்டியோட பின் சக்கரம் முன் சக்கரம் போன தடத்துலயே போகாது, உள்பக்கமா வெட்டிக்கிட்டுப் போகும். லாரி திரும்பும்போது பாத்திருப்பீங்க. அப்போ முன் சக்கரங்கள் பெரிய வட்டத்துலயும் பின் சக்கரங்கள் சின்ன வட்டத்துலயும் போகுது. எவ்வளவு வித்தியாசம்னு ஒரு பேப்பர் எடுத்துக் கணக்குப் போட்டுப் பாக்கலாம், பைதகரஸ் தேற்றம் மட்டும் போதும். மூணு கதவு ஜிம்னி அளவுக்கு ஒரு வண்டின்னு வெச்சுக்குவோம், வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவுல, 2.25 மீட்டர், இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் நடுவுல 1.4 மீட்டர், முழுசா ஒடிச்சா வெளிப்பக்க முன் சக்கரம் 4.9 மீட்டர் ஆரத்துல சுத்துது. ஒரு முழு வட்டம் அடிச்சா அந்தச் சக்கரம் கிட்டத்தட்ட 30.8 மீட்டர் ஓடியிருக்கும். அதுக்குப் பின்னாடியே வர்ற வெளிப்பக்கப் பின் சக்கரம் 27.3 மீட்டர், உள்பக்க முன் சக்கரம் 23.3 மீட்டர், உள்பக்கப் பின் சக்கரம் வெறும் 18.6 மீட்டர். நாலு சக்கரம், நாலு விதமான தூரம்.

ஒவ்வொரு டிஃபரன்ஷியலும் தன்னோட ரெண்டு சக்கரத்தோட சராசரியை ஷாஃப்டுக்கு அனுப்பும். முன் சராசரி 27 மீட்டர் சொச்சம், பின் சராசரி 23 மீட்டர். டயரோட சுத்தளவு சுமார் 2.2 மீட்டர்னா, ஒரே ஒரு வட்டத்துக்குள்ள முன் சக்கரங்கள் பின் சக்கரங்களை விட கிட்டத்தட்ட ரெண்டு சுத்து அதிகமா சுத்தியாகணும். ஆனா ஃபோர் ஹை-ல ரெண்டு ஷாஃப்டும் பூட்டிக் கிடக்கு. சமமாதான் சுத்த முடியும்.

அந்த ரெண்டு சுத்து எங்க போகும்?

முதல்ல முறுக்கா போகும். ஷாஃப்டுகள் இரும்புதான், ஆனா இரும்பும் ஒரு ஸ்பிரிங்தான், கொஞ்சம் முறுக்கிக்கும். பற்களுக்கு நடுவுல இருக்கிற இடைவெளி எல்லாம் ஒரே பக்கமா இறுகும். டயரோட பக்கச்சுவர் ரப்பர் முறுக்கிக்கும். ஈரத்துணியை ரெண்டு கையாலயும் பிழியும்போது நாலஞ்சு முறுக்கு வரைக்கும் சுலபமா போகும், அப்புறம் கை நின்னுடும் பாருங்க, அதேதான். ஒரு அளவுக்கு மேல முறுக்க இடம் இல்லாம போனதும் ஏதாவது ஒரு டயர் ரோட்டை விட்டுச் சர்ருனு வழுக்கும், சேர்ந்த முறுக்கு ஒரே நொடியில விடுபடும், அதுதான் நீங்க உணர்ந்த டக். விடுபட்டதும் மறுபடி முறுக்கு ஏற ஆரம்பிக்கும், மறுபடி டக்.

ஆனா இதுல எனக்கு ஆச்சரியம் அடங்காத இடம் அடுத்ததுதான். முன் சக்கரம் 27 மீட்டர் போயாகணும், ஆனா அதுக்குத் தேவையான அளவு சுத்த விட மாட்டேங்குறோம். அதனால ரோடு அந்த டயரை "இன்னும் வேகமா சுத்து"ன்னு பிடிச்சு உருட்டப் பாக்குது. அந்த உருட்டல் முன் டிஃபரன்ஷியல் வழியா முன் ஷாஃப்டுக்குப் போயி, டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு வந்து, பின் ஷாஃப்டைத் தள்ளுது, பின் சக்கரம் ரோட்டைத் தள்ளுது, ரோடு காரை முன்னாடி தள்ளுது, கார் முன் சக்கரத்தை ரோட்டு மேல தள்ளுது, மறுபடி ரோடு முன் டயரை உருட்டுது. ஒரு முழு வட்டம்! இந்த விசை எஞ்சின்ல இருந்து வர்றதில்ல, அது பாட்டுக்கு தனக்குள்ளயே சுத்திச் சுத்தி வருது. முன் சக்கரம் பிரேக் போட்ட மாதிரி இழுக்குது, பின் சக்கரம் தேவைக்கு மேல தள்ளுது, இதுல வீணாகறதை ஈடுகட்ட மட்டும் எஞ்சின் கூடுதலா உழைக்குது. காய்ஞ்ச தார் ரோட்டுல ரோடும் உங்க கியர்பாக்ஸோட இன்னொரு பல்சக்கரம் ஆயிடுது, இதை நான் முதல் தடவை புரிஞ்சுக்கிட்டப்போ ராத்திரி பதினோரு மணிக்கு எந்திரிச்சுப் போய் காருக்கு அடியில டார்ச் அடிச்சுப் பாத்தேன்.

அந்த விசை எவ்வளவு இருக்கும்னும் பாத்துடலாம். முன் அச்சு மேல 550 கிலோ சுமை, காய்ஞ்ச தார்ல உராய்வு எண் 0.8, டயர் ஆரம் 35 சென்டிமீட்டருக்கு ஒட்டி. டயர் வழுக்கறதுக்கு முன்னாடி அந்த அச்சுல 1,500 நியூட்டன் மீட்டர் வரைக்கும் முறுக்கு ஏறலாம், டிஃபரன்ஷியல்ல கிட்டத்தட்ட நாலு மடங்கு குறைப்பு இருக்கிறதால முன் ஷாஃப்டுல அது 370 நியூட்டன் மீட்டர். இந்த ஜிம்னியோட 1.5 லிட்டர் எஞ்சின் அதிகபட்சமா குடுக்கறதே 130 தான். பார்க்கிங்ல சும்மா வளைக்கும்போது எஞ்சினோட உச்ச முறுக்கை விட ரெண்டு மூணு மடங்கு அந்தச் சின்ன ஷாஃப்டுல பூட்டிக் கிடக்கலாம். லீவர் வராததுக்கும் இதுதான் காரணம், கோத்த பற்கள் ஒண்ணையொண்ணு அவ்வளவு அழுத்திக்கிட்டு இருக்கும்போது உங்க கை பலத்துக்கு அசையாது.

சேத்துல அந்த உராய்வு எண் பாதிக்கும் கீழ வந்துடும், முறுக்கு சேரச் சேர டயர் நைசா வழுக்கி விடுவிச்சுடும், நமக்குத் தெரியவே தெரியாது. மண்ணும் சேறும் ஜல்லியும்தான் பார்ட் டைம் வண்டிக்கு, முன் ஷாஃப்டுக்கும் பின் ஷாஃப்டுக்கும் நடுவுல இல்லாத டிஃபரன்ஷியலோட வேலையைப் பாக்குது. அதனாலதான் இந்த வண்டிகளைக் கம்மி விலைக்குச் செய்ய முடியுது.

இன்னொண்ணு. வலது பக்கம் வளைச்சு ஏறின முறுக்கை இடது பக்கம் வளைச்சு இறக்கிடலாம்னு தோணும், எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. இறங்காது. எந்தப் பக்கம் வளைச்சாலும் முன் சக்கரம்தான் பெரிய வட்டத்துல போகுது, முறுக்கு ஒரே திசையில கூடிக்கிட்டேதான் இருக்கும். இறங்கணும்னா வந்த வளைவுலயே ரிவர்ஸ் எடுக்கணும், கணக்கு அப்படியே தலைகீழா ஓடும், மூணு நாலு மீட்டர் போனதும் லீவர் வெண்ணெய் மாதிரி வந்துடும். ஒரு பக்கச் சக்கரத்தை மண்ணுல இறக்கி ஓட்டினாலும் சரி.

நேர் ரோடுதானேன்னு ஃபோர் ஹை-லயே விட்டுட்டுப் போறவங்களுக்கு டயர் விஷயம் தெரிஞ்சிருக்கணும். ரெண்டு டயர் மட்டும் புதுசா மாத்தி, மிச்ச ரெண்டும் 5 மி.மீ. தேய்ஞ்சிருந்தா ஆரத்துல ஒண்ணரை சதவீதம் வித்தியாசம். கிலோமீட்டருக்கு 460 சுத்து சுத்தற டயர்ல அது ஆறேழு சுத்து, வளையாமலே முறுக்கு ஏறும். அதனால இந்த மாதிரி வண்டிக்கு டயரை நாலா மாத்துங்க, இல்லேன்னா முறை வெச்சு இடம் மாத்திக்கிட்டே இருங்க.

இதுக்குத் தீர்வே இல்லையான்னா, இருக்கு. 1977-லயே வந்த லாடா நிவா சின்ன வண்டிதான், விலையும் கம்மிதான், ஆனா நடுவுல மூணாவதா ஒரு டிஃபரன்ஷியல் வெச்சு எப்பவுமே நாலு சக்கரத்துலயும் ஓடும், சேத்துல அதைப் பூட்டிக்க தனி லீவர். எனக்கு அந்த வடிவமைப்பு மேல தனி மரியாதை உண்டு. 2010-ல வந்த டஸ்டர் வேற வழி எடுத்துச்சு, பின் அச்சுக்கு முன்னாடி மின்காந்தத்தால இறுகற தட்டுகள் அடுக்கு ஒண்ணு, தேவைப்படும்போது கம்ப்யூட்டர் இறுக்கும், தேவையில்லேன்னா தளர்த்திடும். லோ ரேஞ்ச் (வேகத்தைக் குறைச்சு இழுவையைக் கூட்டற தனி கியர்) கிடையாது, அதுக்குப் பதிலா முதல் கியரையே ரொம்பக் குட்டையா வெச்சுட்டாங்க, 1,000 ஆர்பிஎம்-ல மணிக்கு 5.79 கிலோமீட்டர்தான் போகும். தார்ல முரண்டு பிடிக்காது. ஆனா மண்ணுல ரொம்ப நேரம் போராடினா அந்தத் தட்டுகள் சூடாகும். பல்லோட பல் கோத்த பூட்டு சூடாகவே ஆகாது.

அடுத்து ஓனர்கள் சொல்ற இன்னொரு குறை, "ஃபோர் வீல் போட்டும் குறுக்கா ரெண்டு சக்கரம் காத்துல சுத்துச்சு, வண்டி நகரல". டிஃபரன்ஷியல் ரெண்டு பக்கமும் எப்பவும் சமமான முறுக்கைத்தான் குடுக்கும், காத்துல இருக்கிற சக்கரத்துக்குப் பூஜ்யம்னா தரையில இருக்கிறதுக்கும் பூஜ்யம். விலை கம்மி வண்டிகள்ல இதுக்குப் பூட்டு வைக்க மாட்டாங்க, ஏபிஎஸ் பிரேக்கையே பயன்படுத்துவாங்க. சுத்தற சக்கரத்தை மட்டும் கம்ப்யூட்டர் பிரேக்கால பிடிக்கும், 400 நியூட்டன் மீட்டருக்குப் பிடிச்சா எதிர்ப்பக்கத்துக்கும் அதே 400 போகும். ஆனா சக்கரம் சுத்தினாதானே அதுக்குத் தெரியும்? நம்ம ஆளுங்க சக்கரம் சுத்தறதைப் பாத்ததும் காலை எடுத்துடறாங்க. எடுக்காதீங்க, ஆக்சிலரேட்டரை நிதானமா ஒரே அளவுல பிடிச்சுக்கிட்டே இருங்க, அடியில கர்ர் கர்ர்னு பம்ப் சத்தம் வரும், ரெண்டு மூணு நொடியில மெதுவா ஏறிடும்.

"ஃபோர் வீல் டிரைவ்னா பிரேக்கும் நல்லா பிடிக்கும்"னு ஒரு நம்பிக்கை இருக்கு, அது எனக்கு உண்மையாவே கவலையா இருக்கு. எல்லாக் காருக்கும் பிரேக் நாலு சக்கரத்துலதான், ஈர ரோட்டுல கிளம்பறது சுலபமா இருக்குங்கிறதுக்காக நிக்கறதும் சுலபம்னு நினைச்சா ஆபத்து. அதே மாதிரி "போட்டா தேய்ஞ்சிடும்"னு வருஷக்கணக்கா ஃபோர் வீலே போடாம வெச்சிருக்கறவங்களும் இருக்காங்க, அப்படி விட்டா உள்ள ஆயில் போய்ச் சேராம லீவரும் இணைப்பும் இறுகிடும், மாசத்துக்கு ஒரு தடவையாவது மண் ரோடு பாத்துப் போட்டு ஓட்டுங்க.

இவ்வளவு கதையும் உராய்வுங்கிற ஒரே விஷயத்தைச் சுத்தித்தான் ஓடுது. 1966-ல பிரிட்டன் அரசுக்காக பீட்டர் ஜோஸ்ட் தலைமையில ஒரு அறிக்கை வந்துச்சு, உராய்வையும் தேய்மானத்தையும் மசகையும் ஒழுங்காப் படிச்சாலே நாட்டுக்கு வருஷம் 51.5 கோடி பவுண்டு மிச்சமாகும்னு. டிரைபாலஜின்னு அந்தத் துறைக்குப் பேரு வந்ததே அதுலதான். ராக்கெட்டுக்கும் ரோபோவுக்கும் பணம் ஒதுக்கினா கை தட்டறோம், ரப்பரும் தாரும் எப்படி ஒட்டுதுன்னு ஆராய்ச்சி பண்றவங்களைக் கண்டுக்கறதே இல்ல, இது சரியில்லங்கிறது என் அபிப்ராயம். நாம தினமும் உசுரை நம்பி விடறது அந்த உள்ளங்கை அளவு ரப்பர் மேலதான்.

தம்பி, நம்பிக்கை வரலேன்னா ஒரு சாக்பீஸ் எடுத்துக்கங்க. வெளிப்பக்க முன் டயர்லயும் உள்பக்கப் பின் டயர்லயும் ஒவ்வொரு கோடு போடுங்க. காலியா இருக்கிற மைதானத்துல, டூ ஹை-ல, ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சு ஆமை வேகத்துல ஒரே ஒரு வட்டம். வெளிய ஒருத்தர் முன் கோட்டை எண்ணட்டும், இன்னொருத்தர் பின் கோட்டை எண்ணட்டும். என் வண்டியில முன்னாடி 14 வந்துச்சு, பின்னாடி எட்டரை.